விருது, பெயர், தாலுகா நிருபர்: இதழியல் விருதுகள் குறித்துச் சில குறிப்புகள்

1

விருது என்றதும் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு வருகிற எதிர்வினைகள் இரண்டுதான். வேண்டாதவருக்குக் கிடைத்தால் 'எல்லாம் ஆள் பிடித்து வாங்கியது' என்போம். வேண்டியவருக்குக் கிடைத்தால் 'தாமதமாகவாவது தந்தார்களே' என்போம். இவற்றைத் தாண்டி, விருது என்கிற நிறுவனம் எதைப் பார்க்க வைக்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்கும் வழக்கம் இலக்கியத்தில் கொஞ்சம் உண்டு. சாகித்ய அகாதமியைக் கண்டித்து நம்மவர்கள் எழுதியதைத் தொகுத்தால் நல்ல பருமனான நூலாக வரும். இதழியல் விருதுகள் பற்றி அப்படி எதுவும் எழுதப்பட்டதாக ஞாபகமில்லை. காரணம் எளிது. கவிதையை, கதையைப் பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட நாம் செய்தித்தாளைப் பிரதியாக வாசிப்பதில்லை. காலையில் திட்டிக்கொண்டே புரட்டுகிறோம், மாலையில் அதிலேயே போண்டா மடித்து வாங்குகிறோம். அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது திருப்பத்தூரில். நண்பர் ஒருவர் இங்கே ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. அவரோடு ஒரு நாள் புதூர்நாடு வரை மலையேறிப் போய்த் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பத்திரிகை நிருபர் ஒருவர் சில வருஷங்களுக்கு முன்பு வந்தது, இவர் தன் வண்டியிலேயே அவரை மலைக்கு அழைத்துப் போனது, மூன்று நாள் கூட இருந்து மலை ஜனங்கள் பேசியதை எடுத்துச் சொன்னது, அப்புறம் அந்தக் கட்டுரைக்கு டெல்லியில் ஏதோ விருது கிடைத்தது எல்லாவற்றையும் வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"போன் பண்ணாரு தோழர். ரொம்ப தேங்க்ஸ்னாரு. நல்ல மனுஷன்."

"உங்க பேரு எங்கயாச்சும் வந்துச்சா?"

"எம்பேரு எதுக்கு? எங்க பேப்பர்லயே எம்பேரு வராதே."

அவர் குரலில் குறை எதுவுமில்லை. எனக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் நின்றது. ஓர் இதழியல் விருதின் தரத்தை அதைத் தருவது அரசா, முதலாளியா, அறக்கட்டளையா என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கிறோம். அது போதாது. தாலுகா நிருபர் அனுப்புகிற நான்கு வரிச் செய்தி அந்த விருதின் கண்ணில் படுமா என்பதுதான் உண்மையான சோதனை. இந்தச் சோதனையில் எது தேறுகிறது, எது தோற்கிறது என்று பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

இதழியலுக்கென்று பெரிய அளவில் விருதுகளை அமைத்துக்கொண்ட மொழிகளில் ஸ்பானிஷ் ஒன்று. லத்தீன் அமெரிக்க நாவல்களைத் தமிழில் வாசித்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த மொழியின் செய்தித்தாள்களை அவ்வளவாக அறியோம். ஆகவே அங்கிருந்து தொடங்கலாம்.

சர்வாதிகாரி பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். ஆறு மாதம் கழித்து, 1976 மே 4 அன்று, மாட்ரிட்டில் 'எல் பாயிஸ்' நாளிதழ் தொடங்கியது. 1984இல் அந்த நாளிதழ் ஏற்படுத்தியதுதான் ஒர்த்தேகா இ கஸ்ஸெத் விருது. ஸ்பானிஷில் எழுதப்படும் சிறந்த இதழியலுக்கு ஆண்டுதோறும் தரப்படுவது. அதற்கு ஓராண்டு முன்பு, 1983இல், ஸ்பெயின் அரசின் செய்தி நிறுவனமான 'எஃபே' முன்னின்று ஸ்பெயின் மன்னர் பெயரில் வேறொரு சர்வதேச விருதைத் தொடங்கியிருந்தது. எஃபே 1939இல் பிராங்கோ தரப்பால் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்றாவதாக, கார்சியா மார்க்வெஸ் 1994இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் உருவாக்கிய இதழியல் அறக்கட்டளை 2013 முதல் தருகிற விருது. ஆக, ஒரே மொழியில் ஒரு முதலாளி, ஒரு மன்னர், ஒரு எழுத்தாளர் என மூன்று வகை அதிகாரங்களின் பெயரால் மூன்று விருதுகள்.

முதல் விருதின் பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஒர்த்தேகா பத்திரிகைக் குடும்பத்தில் பிறந்த தத்துவவாதி. தன் சிந்தனைகளில் பெரும்பகுதியை நாளிதழ்க் கட்டுரைகளாகவே எழுதியவர். ஆனால் அவருடைய புகழ்பெற்ற நூல், வெகுமக்கள் அரங்குக்கு வந்துவிட்டதைக் கண்டு கவலைப்படுகிற நூல். அதுவும் ஒரு நாளிதழில் தொடராக வந்ததுதான். வெகுமக்களை ஐயத்தோடு பார்த்தவரின் பெயரில் வெகுமக்கள் ஊடகத்துக்கு விருது! எக்ஸலன்ஸ் என்று சொல்லி அளக்கப்படுவதற்குள் எப்போதும் 'மேலோர்' என்கிற பழைய வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இருந்தும் இந்த ஸ்பானிஷ் விருதுகளிடம் நாம் கற்க ஒன்று உண்டு. எந்த நாட்டிலிருந்து எழுதினாய் என்று அவை கேட்பதில்லை. இருபது நாடுகளுக்கு மேல் சிதறிக் கிடக்கிற ஒரு மொழி, தன் செய்தி எழுத்தைத் தானே வாசித்துத் தானே தீர்ப்புச் சொல்ல ஓர் இடம் வைத்திருக்கிறது. 2008இல் ஒர்த்தேகா விருது கியூபாவிலிருந்து இணையத்தில் எழுதிய யோவானி சான்செஸுக்குக் கிடைத்தது. அவர் மாட்ரிட் போய் வாங்க ஹவானா அனுமதிக்கவில்லை. பழைய காலனிய எஜமானின் தலைநகர் கியூபாவின் குரலுக்குச் சான்றிதழ் தருவதன் அரசியலைப் பற்றி ஒருவர் நிறையப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அப்படிப் பேச முதலில் ஒரு மேடை இருக்கிறதல்லவா? தமிழும் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் தேசங்கள் என்று பரவிய மொழிதான். யாழ்ப்பாணத்துச் செய்தியையும் திருப்பத்தூர்ச் செய்தியையும் கோலாலம்பூர்ச் செய்தியையும் ஒரே மேசையில் வைத்து வாசித்து, 'இது நல்ல செய்தி, இன்ன காரணத்தால்' என்று சொல்ல, பேர் சொன்னால் தெரிகிற மாதிரி ஓர் அமைப்பு நம்மிடம் உண்டா?

மார்க்வெஸ் விஷயத்துக்கு வருகிறேன். விருதுக்கும் பெயருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அவருடைய ஒரு பழைய வேலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1955 பிப்ரவரியில் கொலம்பியக் கடற்படைக் கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். பத்து நாள் மிதவையில் தத்தளித்து ஒருவர் கரை சேர்ந்தார். அரசு அவருக்குப் பதக்கம் குத்தியது. கடிகாரக் கம்பெனியும் செருப்புக் கம்பெனியும் அவரை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டன. பிறகு அவர் 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழுக்கு வந்து முழுக்கதையையும் சொன்னார். புயல் எதுவும் அடிக்கவில்லை, கப்பல் தட்டில் கட்டியிருந்த கள்ளக்கடத்தல் சரக்குதான் ஆட்களைக் கடலில் தள்ளியது என்ற உண்மை பதினான்கு நாள் தொடராக வந்தது. மாலுமிக்கு வேலை போனது. அடுத்து நாளிதழையும் சர்வாதிகார அரசு மூடியது. கதையைக் கேட்டு எழுதிய இளம் நிருபர் மார்க்வெஸ். ஆனால் தொடரில் அவர் பெயர் இல்லை. மாலுமியே சொல்வதாக, மாலுமியின் பெயரில் வந்தது. 1970இல் நூலானபோதுதான் மார்க்வெஸின் பெயர் அட்டையில் ஏறியது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பொய்யான கதைக்குப் பதக்கம் கிடைத்தது, மெய்யான கதை வேலையைப் பறித்தது. இது ஒன்று. அந்த மொழியின் மிகச் சிறந்த செய்தி எழுத்துகளில் ஒன்று நிருபரின் பெயரில்லாமல் வந்தது என்பது இரண்டாவது. பெயரில்லாத அந்த நிருபர் பிறகு நோபல் வாங்கியதால் நமக்குத் தெரிய வந்தது. வாங்காதவர்கள்?

3

இனி நம் பக்கம். இந்தியாவில் இதழியல் விருது என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் ராம்நாத் கோயங்கா விருது. 2005இல், கோயங்காவின் நூற்றாண்டையொட்டி, இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம் தொடங்கியது. இந்தப் பெயருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. இந்தியன் எக்ஸ்பிரஸ் பிறந்ததே சென்னையில்தான். 1932இல் அதைத் தொடங்கியவர் 'தமிழ்நாடு' பத்திரிகை நடத்திய வரதராஜுலு நாயுடு. 1934இல் பிறந்த தினமணியும் கோயங்காவின் கைக்கு வந்து, அந்தக் குழுமத்தின் தமிழ் முகமாக நின்றது. கோயங்கா 1991இல் இறந்த பிறகு சொத்து பிரிந்தது, தினமணியும் தெற்குப் பதிப்புகளும் வேறு கைக்குப் போயின. விருது டெல்லியில் தங்கியது. சென்னையில் வேர்விட்ட ஒரு பெயர், டெல்லி மேடையிலிருந்து தமிழைப் பார்க்கும்போது 'பிராந்திய மொழிகள்' என்கிற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பார்க்கிறது. இந்திக்குத் தனிப் பெட்டி. தமிழ், மலையாளம், வங்காளம், மராத்தி, ஒடியா எல்லாம் சேர்ந்து இன்னொரு பெட்டி. ஒரு மொழியின் செய்தி நடையை, அதன் சொல்தேர்வை, அது ஒளித்து வைக்கிற சாதியை, அந்த மொழி தெரியாத ஒருவர் எப்படி எடை போடுவார்? 'இறந்தார்', 'செத்தான்', 'பலி' ஆகிய மூன்றுக்கும் நடுவே இருக்கிற அரசியலை மொழிபெயர்ப்பில் எப்படிக் காட்டுவது?

இந்த விருதின் வரலாற்றில் நான் மதிக்கிற தருணம் ஒரு மறுப்பு. கீதா பிரஸ் பற்றிய நூலுக்காகத் தேர்வான அக்ஷய முகுல், 2016 நவம்பரில் பிரதமர் மோடியின் கையால் வாங்க மறுத்து, பதிப்பாளரை அனுப்பி வைத்தார். விருதை மறுக்கவில்லை, கையை மறுத்தார். இந்த வேறுபாடு நுட்பமானது. சக தொழில்காரர்களின் தீர்ப்பை ஏற்கிறேன், அதிகாரத்தோடு ஒரே புகைப்படத்தில் நிற்க மாட்டேன் என்பது அதன் பொருள்.

பி. சாய்நாத் இன்னும் ஒரு படி மேலே போனார். 2021இல் ஆந்திர அரசு அறிவித்த வாழ்நாள் சாதனை விருதை, தாம் செய்தியாக்குகிற, விமர்சிக்கிற அரசுகளிடமிருந்து பத்திரிகையாளர் பரிசு வாங்கக் கூடாது என்று சொல்லி மறுத்தார். அதே 2021இல்தான் தமிழ்நாடு அரசு 'கலைஞர் எழுதுகோல் விருது' அறிவித்தது. ஆண்டுதோறும் ஒரு சிறந்த இதழியலாளருக்கு ஐந்து லட்சம் ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும். முதல் விருது தினத்தந்தியின் மூத்த இதழாளர் ஐ. சண்முகநாதனுக்கு. ஆயுள் முழுக்கப் பத்திரிகை மேசையில் உட்கார்ந்து உழைத்த ஒருவருக்கு முதிய வயதில் மரியாதை செய்வதை நான் குறைசொல்லப் போவதில்லை. கேள்வி வேறு. தருகிறவர் யார் என்பதைவிட, எதற்குத் தருகிறார்கள் என்பது. வாழ்நாளுக்குத் தருகிறபோது எந்தச் செய்திக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நேற்று வந்த இன்ன செய்தி, இன்ன அதிகாரியைத் தூங்கவிடாமல் செய்த செய்தி, அதற்காக இந்த விருது என்று ஓர் அரசு எப்போதாவது சொல்லுமா? சொல்லாது. சொன்னால் அது அரசு இல்லை.

சரி, அரசு வேண்டாம், பத்திரிகை முதலாளிகள் இருக்கிறார்களே? தினத்தந்தி ஆதித்தனார் பெயரில் இலக்கியத்துக்குப் பரிசு தருகிறது. விகடன் சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விருது தருகிறது. தொலைக்காட்சிகள் சினிமாவுக்கு, சமையலுக்கு, தொழிலதிபர்களுக்குத் தருகின்றன. செய்தியை விற்றுப் பிழைக்கிற நிறுவனங்கள் செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விருது தருகிற விசித்திரத்தை நாம் கவனித்ததே இல்லை. எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொதுவாக, காரணம் சொல்லி, சிறந்த தமிழ்ச் செய்தியை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தால், அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதபடி வரும்: 'மற்றதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது?' அந்தக் கேள்வியை எந்த முதலாளி தானே வரவழைப்பார்?

4

விருது ஒருவரின் பெயரை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. வெளிச்சம் காப்பாற்றும் என்று நம்புகிறோம். இலங்கையில் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 1999 முதல் இதழியல் சிறப்பு விருதுகள் வழங்கி வருகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் உரியது. தமிழுக்கு 'பிராந்தியப் பெட்டி' இல்லாமல் ஓர் இடம் கொடுத்த விருது என்கிற வகையில் அது நம் டெல்லியைவிட மேல். ஆனால் விருது பெற்ற வீரகேசரி நிருபர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்புத் தெருவில் சுடப்பட்டார். அதற்கு முன்பு, 2000 அக்டோபரில், யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் ஊரடங்கு வேளையில் தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். இரண்டு கொலைகளுக்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2009 ஜனவரியில் கொழும்பில் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவுக்கு அதே ஆண்டு யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ விருது, இறந்த பிறகு, கொடுக்கப்பட்டது. கியெர்மோ கானோ யார்? மாலுமியின் கதையை மார்க்வெஸ் எழுதிய அதே 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழின் ஆசிரியர். 1986 டிசம்பரில் போதைக் கும்பல் அவரைப் பத்திரிகை அலுவலக வாசலில் சுட்டுக் கொன்றது. ஸ்பானிஷ் மொழிப் பத்திரிகையாளன் ஒருவனின் கொலை பெயரான விருது, இலங்கைப் பத்திரிகையாளன் ஒருவனின் கொலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெக்சிகோவில் ஹவியெர் வால்தெஸ் 'ரியோதோசெ' என்கிற சிறிய வாரப் பத்திரிகையை நண்பர்களோடு நடத்தியவர். 2011இல் நியூயார்க்கில் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருது வாங்கினார். 2017 மே 15 அன்று சொந்த ஊரான குலியாகானில், அலுவலகத்துக்கு அருகில், நடுத்தெருவில் கொல்லப்பட்டார். நியூயார்க் மேடையின் வெளிச்சம் குலியாகான் தெரு வரை எட்டவில்லை. எட்டாது. விருது தருகிறவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள், செய்தி எழுதுகிறவன் கொல்லுகிறவனோடு ஒரே தெருவில் இருக்கிறான்.

இதைத் திருப்பத்தூர் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இங்க அந்த அளவுக்கு இல்ல தோழர். ஆனா பேரு போட்டு எழுதினா நா இந்த ஊர்ல குடும்பம் நடத்த முடியுமா? மணல் லாரிக்காரன் எங்க தெருதான். இன்ஸ்பெக்டர் வண்டிய நாளைக்கு என் வண்டி கடக்கணும்." அவருக்குப் பெயரில்லாமை அநீதி மட்டுமல்ல, போர்வையும்கூட. ஆகவே 'தாலுகா நிருபரின் பெயரைப் போடு' என்கிற எளிய கோரிக்கையோடு நாம் நிறுத்திவிட முடியாது. பெயரை முதலாகப் போட்டு நடக்கிற விருது வியாபாரத்துக்கே அது ஆள்சேர்ப்பாக முடியும்.

5

அந்த நான்கு வரிச் செய்தி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

தாலுகா நிருபருக்குப் பெரும்பாலும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒரு சிறு தொகை, அல்லது வந்த செய்திக்கு இவ்வளவு. மீதி வருமானம் விளம்பரக் கமிஷன். தீபாவளி மலருக்கும் பத்திரிகையின் ஆண்டு விழாவுக்கும் வாழ்த்து விளம்பரம் பிடிக்க வேண்டும். யாரிடம் பிடிப்பார்? கல்குவாரிக்காரர், பள்ளிக்கூட முதலாளி, ஒன்றியப் பெருந்தலைவர். அதாவது, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களிடம். 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 'முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ' பணியாற்றுபவர் என்றுதான் சொன்னது. ஆனால் இதழியலே 'முதன்மைத் தொழிலாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. மளிகைக் கடையோ எல்.ஐ.சி. ஏஜென்சியோ வைத்துத்தான் தாலுகா நிருபர் வயிற்றைக் கழுவ முடியும் என்கிற நிலைமையை உண்டாக்கிவிட்டு, 'உன் முதன்மைத் தொழில் மளிகைக் கடை' என்று நிர்வாகம் சொல்ல இது வசதியானது. மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011இல் அரசு அறிவித்தது, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எங்கள் நண்பருக்கு அது ஒரு செய்தி. அதையும் அவர் பேப்பர் போடவில்லை.

இவர் அனுப்புகிற செய்தி மாவட்ட நிருபர் வழியாகவோ நேராகவோ வேலூர் பதிப்புக்குப் போகும். எண்பதுகள், தொண்ணூறுகளில் தமிழ் நாளிதழ்கள் ஊருக்கு ஊர் பதிப்பு தொடங்கியபோது, உள்ளூர்ச் செய்திக்கு இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தோம். நடந்தது என்ன? நெல்லிவாசல் நாட்டில் பாதையில்லாமல் கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்தி வேலூர் பதிப்பில் மட்டும் வரும். அதைப் படிப்பவர் அந்தப் பாதையை ஏற்கெனவே அறிந்தவர். சென்னைப் பதிப்பில் வராது. நடுவர் மேசைக்கு எப்படிப் போகும்? ஜவ்வாது மலை மேல் காவலூரில், 1986 முதல், 93 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எத்தனையோ கோடி மைல் தூரத்து நட்சத்திரம் தெரியும். மலையடிவாரத்துச் செய்தி சென்னைக்குத் தெரிவது அதைவிடக் கஷ்டம்.

இது வெறும் இடஞ்சார்ந்த குறை அல்ல, உயிர் சார்ந்தது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. சந்தனமும் செம்மரமும் சுற்றியுள்ள மலைகளின் ஜனங்களுக்கு என்ன செய்தன என்பதைத் தமிழ்ச் செய்தித்தாள்களைக் கொண்டே எழுதிவிட முடியாது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில், கடத்தல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்து ஊரையே சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். அதை வெளியே கொண்டுவந்தது எந்த நாளிதழின் நிருபரும் அல்ல, மலைவாழ் மக்கள் சங்கத்தினர். 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருஷம் 'சந்தனக் கடத்தல் கிராமம்' என்கிற சொல் அந்த ஊரின் மேல் உட்கார்ந்திருந்தது.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து மரம் வெட்டும் கூலிக்குப் போனவர்கள். 'செம்மரக் கடத்தல்காரர்கள்' என்றது போலீஸ், அதே சொல்தான் முதலில் பரவியது. வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் சொன்ன பிறகு, 'தொழிலாளர்கள்' ஆனார்கள். அப்புறம் 'தமிழர்கள்' ஆனார்கள். கடைசிச் சொல் உணர்ச்சியூட்டுவது, ஆனால் அதுவும் மறைக்கிற சொல்தான். இறந்தவர்களில் மலையாளிப் பழங்குடியினர் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவரை ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீசில் நிற்க வைக்கப்படுகிறவர்கள், சுடப்பட்டதும் தமிழினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். அவர்களை அந்தக் காட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் யார், முன்பணம் எவ்வளவு, மரம் எந்தத் துறைமுகம் வழியாக எந்த முதலாளிக்குப் போனது என்கிற செய்திக்குத்தான் விருது தர வேண்டும். அதற்கான முதல் தகவல் மலைக்கு நாள்தோறும் போய்வருகிற தாலுகா நிருபரிடம்தான் இருக்கும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவராகச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் இடமில்லை.

"எனக்கு யாரும் அவார்டு குடுக்க வேணாம் தோழர். நா எழுதி அனுப்புற வார்த்தைய மாத்தாம போட்டா போதும்" என்றார் நண்பர். ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். பிறகு அவர் செல்பேசியில் காட்டிய பழைய செய்திகளைப் படித்தேன். அவரே அனுப்பியவற்றிலும் 'கடத்தல்காரர்', 'மர்ம நபர்கள்', 'போலீசார் தீவிர விசாரணை' எல்லாம் இருந்தன. ஸ்டேஷன் குறிப்பை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பழகிப்போச்சு" என்றார். இதையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. விளிம்பில் இருப்பதாலேயே ஒருவரின் மொழி விடுதலையடைந்துவிடாது. அந்த மொழியை நிறுத்தி வைத்து 'ஏன் இந்தச் சொல்?' என்று கேட்க அவருக்கு இருபது வருஷத்தில் ஒரு சக வாசகர்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

6

ஆகவே, தமிழுக்கும் ஓர் ஒர்த்தேகா விருது வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. மன்னரிடமும் முதலாளியிடமும் கேட்டு வாங்குகிற அளவுகோல் அவர்களைத்தான் அளக்காமல் விடும். நமக்கு வேண்டியது விருதுக்கு முந்திய ஒரு வேலை. செய்தியை வாசித்துக் காரணத்தோடு தீர்ப்புச் சொல்கிற பழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு விருது முளைத்தால் முளைக்கட்டும். அப்படி முளைத்தால் அது எப்படியிருக்க வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். விவாதிக்கத்தான் சொல்கிறேன், சட்டமாக அல்ல.

ஒன்று, விண்ணப்பம் கூடாது. எழுதியவர் தன் கட்டுரையை மூன்று பிரதி எடுத்து அனுப்புவது டெண்டர் போடுவது மாதிரி. வாசகர்கள் தங்கள் ஊர்ப் பதிப்பிலிருந்து வெட்டி அனுப்ப வேண்டும். இரண்டு, விருது செய்திக்கு, நபருக்கு அல்ல. ஓட்டி வந்தவர், மொழி எடுத்துச் சொன்னவர், தகவல் தந்த நிருபர், மேசையில் திருத்தியவர் எல்லோருக்கும் பங்கு. பெயர் வேண்டும் என்பவர் பெயரோடு, வேண்டாம் என்பவர் பெயரில்லாமல். மாலுமியின் கதை யாருடையது என்ற கேள்விக்கு ஸ்பானிஷ் இதழியல் கடைசிவரை ஒரே பதிலைச் சொல்லவில்லை. நாமும் அவசரப்பட வேண்டியதில்லை. மூன்று, நடுவர்கள் காரணத்தை எழுதி அச்சிட வேண்டும். காரணம் அச்சாகாத விருது வெறும் சால்வை. நான்கு, ஒரு விருது திருத்தத்துக்கு. 'நேற்று நாங்கள் கடத்தல்காரர் என்று எழுதியது தவறு' என்று முதல் பக்கத்தில் போடுகிற பத்திரிகைக்கு. பல வருஷம் அந்த விருது யாருக்கும் கிடைக்காமல் போகலாம். 'இந்த ஆண்டு தகுதியானவர் இல்லை' என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பதே ஒரு நல்ல செய்தியாக இருக்கும்.

இதற்கு ஐந்து லட்சம் வேண்டாம். ஓர் ஊரில் ஆறு பேர் போதும். திருப்பத்தூரில் நாங்கள் நாலு பேர் மாதத்தின் கடைசி ஞாயிறு வேலூர் பதிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கியிருக்கிறோம். தாலுகா நிருபரும் வருகிறார். போன முறை 'மர்ம நபர்' என்ற சொல்லிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒரு வாக்கியத்தைக்கூட முடிவு செய்ய முடியவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.